சேரப்பணஞ்சேரியில் விழுந்த துளி

ஐப்பசி மாதம், பொழுது சாயும் நேரம். வங்கக் கடலிலிருந்து கிளம்பிய மேகம் வண்டலூரையும் படப்பையையும் கடந்து, வாலாஜாபாத் சாலையின் போக்கிலேயே மேற்கே நகர்கிறது. கீழே ஒரகடத்திலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வருகின்றன. சேரப்பணஞ்சேரிக்கு நேர் மேலே வந்ததும் மேகம் தன் பாரத்தை இறக்குகிறது. முதலில் இறங்கிய பெரிய துளிகளில் ஒன்று ஏரிக்குள் விழுந்து கலந்துவிடுகிறது. அந்தத் துளி எங்கிருந்து வந்தது, இங்கே என்னவெல்லாம் செய்தது, எங்கே போயிற்று, எப்படித் திரும்பி வந்தது என்பதைச் சொல்லப் போகிறேன்.

ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்குதான் அந்தத் துளியின் அளவு. அதற்குள் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளை எண்ணி எழுத வேண்டுமானால் 17 என்று போட்டு அதன் பின்னால் 20 சுழிகள் போட வேண்டும். ஏரியில் விழுந்ததுமே அவை பிரியத் தொடங்குகின்றன. சில மண்ணுக்குள், சில மீனுக்குள், சில கலங்கல் தாண்டி ஓடைக்குள், சில மறுநாள் வெயிலில் மறுபடியும் காற்றுக்குள். அத்தனையின் கதையையும் எழுத முடியாது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வோம்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் உண்டு. திரவமாக இருக்கும்போது அந்த ஹைட்ரஜன்கள் ஒரு வீட்டில் தங்குவதில்லை. ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டால் ஓரிரு பங்கு நேரத்துக்குள் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவிவிடும். வேறொன்று வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். அதனால் நாம் பின்தொடர வேண்டியது ஆக்சிஜனைத்தான். ஹைட்ரஜன்கள் வரும், போகும். ஆக்சிஜன் வழித்துணையாக நிற்கும்.

வளைந்த உடம்பு

நிலம், நீர், தீ, காற்று, வானம் என்று ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர் நீரை அடிப்படைப் பொருளாகவே எண்ணினார்கள். கிரேக்கர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். 1780-களின் தொடக்கத்தில்தான் அந்த எண்ணம் உடைந்தது. லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் ஹைட்ரஜன் வாயுவை மின்பொறி கொண்டு எரித்தபோது பாத்திரத்தின் சுவரில் தண்ணீர் முத்து முத்தாகப் படிந்தது. பாரிஸில் லவாய்சியே 1783-இல் அதற்குப் பொருள் சொன்னார்: நீர் தனிப்பொருள் இல்லை, இரண்டு வாயுக்களின் சேர்க்கை. 1800-இல் நிக்கல்சனும் கார்லைலும் மின்கலத்தைக் கொண்டு தண்ணீரைத் திரும்பவும் அந்த இரண்டு வாயுக்களாகப் பிரித்துக் காட்டினார்கள்.

தண்ணீரின் முக்கியக் குணங்களில் பல அதன் உடல் வளைவிலிருந்து வருகின்றன. நடுவில் ஆக்சிஜன், இரண்டு பக்கமும் ஹைட்ரஜன். மூன்றும் நேர்கோட்டில் நிற்பதில்லை, 104.5 பாகை கோணத்தில் மடங்கி நிற்கின்றன. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால் அதன் பக்கம் கொஞ்சம் எதிர்மின்சுமையும், ஹைட்ரஜன்களின் பக்கம் கொஞ்சம் நேர்மின்சுமையும் சேர்கின்றன. நேர்கோட்டில் நின்றிருந்தால் இந்த இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டிருக்கும். கரியமில வாயுவுக்கு அப்படித்தான் ஆகிறது. தண்ணீர் வளைந்து நிற்பதால் அதற்கு இரண்டு முனை கிடைத்தது.

இரண்டு முனை கிடைத்ததால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் தன் ஹைட்ரஜன்களால் இரண்டு கை கொடுக்கும். தன் ஆக்சிஜனால் இரண்டு கை வாங்கும். இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். பிடித்த கை ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம்தான் நிற்கும். விடும், வேறு கையைப் பிடிக்கும். ஆனால் எந்த நேரத்திலும் ஏறக்குறைய எல்லாக் கையும் ஏதோ ஒன்றைப் பிடித்தபடியே இருக்கும்.

இந்தப் பிடி இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குத் தண்ணீரின் பங்காளியே சாட்சி. ஆக்சிஜனுக்குப் பதிலாக அதே குடும்பத்துக் கந்தகத்தை வைத்தால் ஹைட்ரஜன் சல்பைடு. தண்ணீரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனமான மூலக்கூறு. ஆனாலும் சுழிக்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்தக் குடும்பத்து வழக்கப்படி தண்ணீர் அதைவிடவும் குளிர்ந்த நிலையில் கொதிக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் பூமியில் ஏரியும் இல்லை, மழையும் இல்லை. தண்ணீர் வெறும் வாயுவாகத் திரிந்திருக்கும்.

மேகத்திலிருந்து ஏரிக்கு

நம் மூலக்கூறு சில நாட்களுக்கு முன்வரை வங்கக் கடலில் இருந்தது. அதற்கு முன் எத்தனை காலம் அங்கே கிடந்ததோ! கடலுக்குள் போன தண்ணீர் மறுபடி வானம் பார்க்கச் சராசரியாக மூவாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. வெயில் பட்டு, சுற்றிப் பிடித்திருந்த கைகளை அறுத்துக்கொண்டு அது மேலே எழுந்தது. அப்படி ஒரு கிராம் தண்ணீர் எழுவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் செலவாகிறது. அந்த வெப்பம் அழிந்துபோவதில்லை. ஆவிக்குள் உள்ளுறை வெப்பமாகக் குடியிருக்கும். மேலே குளிர்ந்து மூலக்கூறுகள் மறுபடி கைகோக்கும்போது அதே வெப்பம் காற்றில் இறங்கும். வடகிழக்குப் பருவமழையின் புயல்கள் தங்கள் பலத்தை இங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

மேகத்தின் உச்சியில் நம் மூலக்கூறு கொஞ்ச நேரம் பனிக்கட்டியாகவும் இருந்தது. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு கையையும் விறைப்பாக நீட்டி நிற்கும். அதனால் நடுவில் வெற்றிடம் விழும். தண்ணீரைவிடப் பனிக்கட்டி லேசாகி மிதப்பது இதனால்தான். சேரப்பணஞ்சேரி ஏரி என்றைக்கும் உறையப் போவதில்லை. ஆனால் குளிர்நாட்டு ஏரிகளில் மேலே பனி மூடிக்கொள்ள, கீழே 4 டிகிரித் தண்ணீரில் மீன்கள் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன. பனிக்கட்டி மூழ்கும் பொருளாக இருந்திருந்தால் அந்த ஏரிகள் அடியிலிருந்து உறைந்து வந்திருக்கும்.

கீழே இறங்கும் வழியிலேயே துளி தன் வேலையைத் தொடங்கிவிட்டது. காற்றிலிருந்த கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு லேசாகப் புளித்தது. சுத்தமான மழைநீரின் பி.எச். அளவு 7 இல்லை, 5.6. இந்த மென்மையான அமிலம்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையைக் கரைத்து மண்ணாக்கி, அதிலுள்ள சுண்ணத்தையும் மக்னீசியத்தையும் பயிருக்கும் கடலுக்கும் கொண்டு சேர்க்கிறது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வது பழைய வழக்கம். பெரிய ஆறுகளை நம்ப முடியாத நிலம் இது. மூன்று மாதம் கொட்டும் மழையைக் கரை போட்டு நிறுத்தித்தான் ஆண்டு முழுக்க வாழ வேண்டும். இங்கிருந்து தெற்கே இருக்கும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்று தனி வாரியம் அமைத்ததைப் பேசுகின்றன. வரத்துக்கால், கரை, மதகு, கலங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் கணக்கும் வைத்து வளர்ந்த நாகரிகம் இது. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு. அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. படப்பை, ஒரத்தூர், மணிமங்கலம் பக்கத்து மிகைநீர் ஓடை ஓடையாகச் சேர்ந்து அடையாறாகிக் கடலுக்குப் போகிறது. நம் துளியோடு விழுந்தவற்றில் பல அந்த வழியில்தான் போயின. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் அந்த வழியெல்லாம் அடைபட்டும் குறுகியும் கிடந்தபோது தண்ணீர் வீடுகளுக்குள் வழி தேடியது. கைகோத்து ஓடும் பொருளுக்கு வழி விட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் மூலக்கூறு ஏரியிலேயே தங்கியது. அடுத்த சில வாரங்கள் அதற்கு அங்கே வேலை இருந்தது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். அதே எடை இரும்புக்கு ஒன்பதில் ஒரு பங்கு போதும். நண்பகலில் தகரக் கூரையில் கைவைக்க முடியாது. பக்கத்திலேயே ஏரித் தண்ணீர் இதமாக இருக்கும். உள்ளே வரும் வெப்பத்தின் பெரும்பகுதி கைகளைத் தளர்த்துவதிலேயே கரைந்துவிடுகிறது. மீனும் தவளையும் நத்தையும் ஒரே சீரான வெப்பத்தில் வாழ்வது இதனால்தான். நம் உடம்பும் இதே காரணத்தால்தான் வெயிலில் நின்ற உடனே கொதிப்பதில்லை.

மேற்பரப்பில் நின்ற நாட்களில் அது ஒரு தோலாகவும் இருந்தது. மேலே பிடிக்க ஆளில்லாத மூலக்கூறுகள் பக்கத்திலும் கீழேயும் இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கத்தின் மேல் பூச்சிகள் கால் நனையாமல் ஓடும். தாமரை இலை மேல் தண்ணீர் உருண்டையாக நிற்பதும் இதே கதைதான். இலையின் மெழுகில் பிடிக்கக் கை இல்லை. அதனால் தண்ணீர் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு முத்தாகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைக்கும். அந்தச் சிறு இருப்பை நம்பித்தான் ஏரி மீன் மூச்சு விடுகிறது. தண்ணீர் சூடானால் அந்த இருப்பும் குறையும். கோடையில் ஏரி வற்றும் முன்பே மீன் வாய்பிளந்து மேலே வருவது அதனால்.

மதகு திறந்தபோது

சம்பா பயிருக்கு மதகு திறந்தார்கள். நம் மூலக்கூறு கால்வாயில் இறங்கி, மடை கடந்து, ஒரு கழனிக்குள் போய்ச் சேர்ந்தது.

சேற்றுக்குள் அது கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டது. சோறு சாறு என்று நாம் சாப்பிடும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் இந்தச் சேர்க்கை நடந்தாக வேண்டும். உப்பைத் தண்ணீரில் போட்டால் என்ன நடக்கிறது? சோடியத்தின் நேர்மின்சுமையைச் சுற்றித் தண்ணீரின் ஆக்சிஜன் முனைகள் கூடுகின்றன. குளோரைடைச் சுற்றி ஹைட்ரஜன் முனைகள். இரண்டையும் பிரித்துத் தனித்தனியே அணைத்துக்கொள்கின்றன. மின்சுமைகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பைத் தண்ணீர் எண்பதில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. கழனியில் பொட்டாசியமும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இப்படித்தான் மண்ணை விட்டுப் பிரிந்து வேருக்குப் போகின்றன. வேருக்கு வாய் கிடையாது. கரைந்ததை மட்டுமே அது உண்ணும்.

வேரின் மெல்லிய மயிர் ஒன்றின் சுவரை நம் மூலக்கூறு அடைந்தது. உயிரணுவின் சவ்வு கொழுப்பால் ஆனது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நமக்குத் தெரிந்த பழமொழிதான். உயிரின் கட்டடக் கலையே அதில்தான் நிற்கிறது. மின்சுமையில்லாத எண்ணெய் மூலக்கூறுகளைப் பிடிக்க முடியாத தண்ணீர், அவற்றை ஒருபக்கமாக ஒதுக்கித் தள்ளுகிறது. ஒதுங்கியவை ஒன்றோடொன்று சேர்ந்து சுவராகின்றன. உலகத்தில் உள்ள ஒவ்வோர் உயிரணுவும் தண்ணீர் ஒதுக்கியதால் உண்டான ஓர் அறை. புரதங்கள் சரியான வடிவத்தில் மடிவதற்கும் பெரும்பாலும் இந்த ஒதுக்கல்தான் காரணம்.

அந்தச் சுவரைத் தண்ணீர் இவ்வளவு விரைவாக எப்படிக் கடக்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1992-இல் அமெரிக்காவில் பீட்டர் அக்ரேயின் குழு அதற்கு விடை கண்டது. இரத்தச் சிவப்பணுவில் கிடைத்த ஒரு புரதத்தைத் தவளை முட்டைகளுக்குள் உண்டாக்கி, நன்னீரில் போட்டார்கள். முட்டைகள் மளமளவென்று தண்ணீர் குடித்து வெடித்தன. அந்தப் புரதம் தண்ணீருக்கென்றே அமைந்த வாசல். ஒரு வாசல் வழியே ஒரு நொடியில் முந்நூறு கோடி மூலக்கூறுகள் வரிசையாகப் போகும்; வேறெதையும் விடாது. அக்வாபோரின் என்று பெயர் பெற்ற அந்த வாசலுக்காக 2003-இல் அக்ரேவுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லின் வேரிலும் நம் சிறுநீரகத்திலும் அதே குடும்பத்து வாசல்கள் உண்டு.

உள்ளே போன மூலக்கூறு தண்டின் நுண்குழாய்களில் மேலேறியது. அதைக் கீழிருந்து யாரும் தள்ளவில்லை. இலைத்துளையிலிருந்து ஒரு மூலக்கூறு வெயிலில் ஆவியாகும்போது அது பிடித்திருந்த அடுத்ததை இழுக்கிறது, அது அதற்கடுத்ததை. இலையிலிருந்து வேர் வரை அறுபடாத தண்ணீர்க் கயிறு ஒன்று இருக்கிறது. அயர்லாந்தின் டிக்சனும் ஜோலியும் 1894-இல் இப்படிச் சொன்னார்கள். இடுப்பளவு நெல்லுக்கு இது பெரிதாகத் தோன்றாது. கரைமேட்டில் நிற்கும் பனையின் உச்சிக்கும் இதே கயிறுதான் தண்ணீர் ஏற்றுகிறது; நுங்குக்குள் இருக்கும் இனிப்புத் தண்ணீர் மூலக்கூறு மூலக்கூறாக இழுபட்டு வந்தது.

வேர் குடித்த தண்ணீரில் மிகப் பெரும்பகுதி இலைவழியே ஆவியாகிப் போய்விடும். நூற்றில் ஒரு பங்குகூட இலைக்குள் உணவாவதற்கு நிற்காது. நம் மூலக்கூறு அந்தச் சிறு பங்கில் இருந்தது.

ஒரு முடிவு, ஒரு பிறப்பு

இலையின் பசுங்கணிகத்துக்குள் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியமும் சேர்ந்த ஒரு சிறு கொத்து இருக்கிறது. அதன் அமைப்பை அணு அணுவாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். சூரிய ஒளியின் ஒவ்வோர் அடியும் அந்தக் கொத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கும். நான்கு அடி விழுந்ததும் கொத்து தன் இழப்பைத் தண்ணீரிடமிருந்து வாங்கிக்கொள்ளும். இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் உடைகின்றன. ஹைட்ரஜன்கள் கழன்று அரிசியாகப் போகும் பாதையில் சேர்கின்றன. இரண்டு ஆக்சிஜன்கள் மட்டும் ஒன்றாகச் சேர்ந்து இலைத்துளை வழியே வெளியேறுகின்றன.

கடலில் ஆவியாகி, மழையாகி, ஏரியாகி வந்த அந்தத் தண்ணீர் அங்கே முடிந்தது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வரவில்லை, தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்பதை 1941-இல் ரூபனும் கேமனும் கனமான ஆக்சிஜனை அடையாளமாக வைத்து நிறுவினார்கள். இருநூற்று நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது நுண்ணுயிர்கள் தண்ணீரை உடைக்கும் இந்த வித்தையைக் கற்றதால்தான். இன்றைக்கு நம்மைச் சுற்றி இருக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு, முன்னொரு காலத்தில் தண்ணீராக இருந்தது.

காற்றில் சேர்ந்த ஆக்சிஜன் பொதுவாக அவசரப்படாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றிலேயே சுற்றும். ஆனால் ஒரு கழனி ஒரு பகலில் வெளிவிடும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மிகப் பெரிது. அவற்றில் சில அன்றைக்கே, பக்கத்திலேயே, யாரோ ஒருவரின் மூச்சில் போவது உறுதி. நம் ஆக்சிஜன் அப்படிப் போனது. கழனி ஓரத்துப் பேருந்து நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக ஒரு பெண் காத்திருந்தார். சென்னையிலிருந்து தினமும் வந்து போகிறவர். ஷிப்டு முடிந்த களைப்போடு அவர் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

நுரையீரலில் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அந்த ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டது. தொடைத் தசையின் ஓர் உயிரணுவுக்குள், மைட்டோகாண்ட்ரியா என்னும் சிறு உறுப்பின் உட்சுவரில், அது இறக்கிவிடப்பட்டது. அவர் மதியம் சாப்பிட்ட சோற்றிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கி வந்து அந்த ஆக்சிஜனைச் சேர்ந்தன. சுற்றியிருந்த ஹைட்ரஜன்கள் ஒட்டிக்கொண்டன. ஒரு தண்ணீர் மூலக்கூறு பிறந்தது.

அரிசிக்குள் போன ஹைட்ரஜனும் காற்றுக்குள் போன ஆக்சிஜனும் மனித உடலில் திரும்பச் சேர்கின்றன. இலையில் தண்ணீரைப் பிரிக்கச் சூரியன் கொடுத்த ஆற்றல், இங்கே சேரும்போது உயிராக வெளிப்படுகிறது. நம் ஒவ்வொருவரின் உடம்பும் ஒரு நாளில் ஏறத்தாழ ஒன்றரைத் தம்ளர் தண்ணீரை, அதாவது முந்நூறு மில்லிலிட்டரை, குடிக்காமலேயே இப்படி உண்டாக்குகிறது. சோறு என்பது தண்ணீரைப் பிரித்து வைத்த சேமிப்பு என்று இதனால்தான் எனக்குத் தோன்றுகிறது.

பிறந்த தண்ணீர் சும்மா இருக்கவில்லை. உடம்பின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு தண்ணீர்; அதில் கரைந்துதான் சர்க்கரையும் உப்பும் யூரியாவும் இடம் மாறுகின்றன. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு 180 லிட்டரை வடிகட்டி, ஏறக்குறைய அத்தனையையும் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டரைத்தான் வெளியே விடுகின்றன. வேண்டாதவற்றைச் சுமந்து போக அந்த ஒன்றரை லிட்டர் போதும். நம் மூலக்கூறு சில நாட்கள் அவர் உடம்பில் சுற்றிவிட்டு, யூரியாவோடு கைகோத்தபடி வெளியேறி, சென்னையில் அவர் வீட்டுத் தெருவின் பாதாளச் சாக்கடையில் கலந்தது.

கோயம்பேட்டிலிருந்து ஒரகடத்துக்கு

அந்தத் தெருவின் கழிவுநீர் கோயம்பேட்டுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே காற்றை ஊட்டி வளர்க்கும் பாக்டீரியாக்கள் முதலில் கைவைக்கின்றன. சோப்பு, எண்ணெய், சோற்றுக் கழிவு எல்லாவற்றையும் தின்று சேறாகின்றன. தெளிந்த தண்ணீரில் கரைந்த உப்புகள் இன்னும் மிச்சம் இருக்கும். கழனியில் உதவிய, கரைத்துக்கொள்ளும் அதே குணம்தான் இங்கே சிக்கல். தண்ணீர் பிடித்ததை எளிதில் விடாது.

அதை விடுவிக்கும் வழி சவ்வில் இருந்தது. 1748-இலேயே பிரெஞ்சுப் பாதிரியார் நொல்லே, பன்றியின் சிறுநீர்ப்பை வழியே தண்ணீர் செறிவான பக்கம் தேடிப் போவதைக் கண்டிருந்தார். அந்த ஓட்டத்தை அழுத்தம் கொடுத்துத் திருப்பிவிட்டால் உப்பு ஒருபக்கம், நீர் ஒருபக்கம் ஆகும். 1950-களின் இறுதியில் கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து, நடைமுறைக்கு உதவும் முதல் சவ்வைச் செய்தார்கள். இன்று நம் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. பெட்டி அவர்களின் வேலையிலிருந்து வந்தது என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. மின்சுமை ஏற்ற சோடியம், அதாவது சோடியம் அயனி, தன்னைச் சுற்றிய தண்ணீர்க் கூட்டத்தை விட்டு வர மனமில்லாமல் சவ்வின் இந்தப் பக்கமே நிற்கும். தனியாக வரும் தண்ணீர் மூலக்கூறு கடந்துபோகும்.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் உள்ளிட்ட சென்னையின் ஏரிகள் வறண்டன. அந்த வறட்சியை ஒட்டிய காலத்தில்தான் கோயம்பேட்டில் ஒரு நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. தரத்துக்குச் சுத்தம் செய்யும் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்தத் தண்ணீர் குழாய்வழி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் தொழிற்பூங்காக்களுக்குப் போகிறது. சென்னை குளித்த தண்ணீரில் இங்கே காரும் லாரியும் உருவாகின்றன. அதனால் அந்த அளவு ஏரித் தண்ணீர் மக்களுக்கு மிச்சம். நம் மூலக்கூறு அந்தக் குழாயில் வந்தது. அந்தப் பெண் தினமும் பஸ்ஸில் வரும் திசையிலேயே மண்ணுக்கடியில் ஒரகடத்துக்குத் திரும்பியது.

ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை தொடங்கியது; அதையொட்டி வாகன ஆலைகளும் டயர் ஆலையும் வரிசையாக வந்தன. கார் ஆலையில் தண்ணீரின் பெரிய வேலை பெயின்ட் ஷாப்பில். இரும்புக் கூட்டைக் கழுவி, பாஸ்பேட் தொட்டியில் முக்கி, மறுபடி கழுவி, தண்ணீரில் கலந்த பெயின்ட்டுக்குள் இறக்கி மின்சாரம் செலுத்துவார்கள். கடைசியாகக் கழுவும் தண்ணீரில் ஒரு துளி உப்பு இருந்தாலும் அது காய்ந்த இடத்தில் புள்ளி விழும். பின்னாளில் அங்கேதான் துரு பிடிக்கும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரையும் இன்னொரு முறை அயனி நீக்கி, டி.எம். தண்ணீர் ஆக்குகிறார்கள். அந்த அளவு தூய தண்ணீரில் ஐம்பத்தைந்து கோடி மூலக்கூறுகளில் ஒன்றுதான் தானாகப் பிரிந்து அயனியாக இருக்கும். மின்சாரம் ஏறக்குறைய ஓடாது. காருக்கு வேண்டியது எதையும் பிடித்திராத தண்ணீர். கழனிக்கும் நம் உடம்புக்கும் வேண்டியது அளவோடு பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். மூலக்கூறு ஒன்றே, கையில் என்ன இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

கழுவும் வேலை முடிந்து, ஆலைக்குள்ளேயே மறுபடி சுத்தமாகி, நம் மூலக்கூறு கடைசியாகக் குளிர்விப்புக் கோபுரத்துக்கு வந்தது. இயந்திரங்களின் சூட்டை வாங்கிவந்த தண்ணீரை அங்கே உயரத்திலிருந்து சாரலாகக் கொட்டுவார்கள். மேலே சுழலும் விசிறி காற்றை இழுக்கும். நூறு லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானால் போதும், மீதி ஏறத்தாழ ஆறு டிகிரி குளிர்ந்துவிடும். நம் நெற்றியில் வியர்வை செய்யும் வேலையும் இதேதான். நம் மூலக்கூறு அந்த ஒரு லிட்டரில் இருந்தது. சுற்றிப் பிடித்திருந்த எல்லாக் கைகளையும் விட்டுவிட்டு, விசிறியின் காற்றோடு ஒரகடத்தின் வானத்துக்கு ஏறியது.

கோபுரத்தின் அடியில் மிஞ்சியது

ஆவியாகும் தண்ணீர் எதையும் எடுத்துப் போவதில்லை. சுண்ணம், சோடியம், பாஸ்பேட் என்று அதுவரை பிடித்திருந்தவற்றையெல்லாம் கீழேயே வைத்துவிட்டுத்தான் போகும். கோபுரத்தின் அடித்தொட்டியில் அவை செறிந்துகொண்டே வரும். கழிவுநீரை வெளியே விடாத ஆலைகளில் அந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்து, கடைசியில் உப்பாக மூட்டை கட்டி அடுக்குகிறார்கள். அந்த மூட்டைகளை மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். மழை பட்டால் தண்ணீர் மறுபடி அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடும்.

தண்ணீர் கெட்டுப்போகிறது என்று நாம் சொல்கிறோம். இந்தப் பயணம் முழுவதையும் பின்தொடர்ந்து பார்த்தபின் அந்தச் சொல் எனக்குப் பொருந்தவில்லை. கடலில், ஏரியில், இலையில், தசையில், சாக்கடையில், பெயின்ட் ஷாப்பில் என்று எங்கு போனாலும் அந்த மூலக்கூறு 104.5 பாகை கோணத்தில் அப்படியே வளைந்து நின்றது. இலையில் பிரிந்து தசையில் சேர்ந்தபோதும் அதே கோணத்தோடுதான் பிறந்தது. அதற்கு வயதும் இல்லை, அழுக்கும் இல்லை. நாம் கையில் கொடுத்ததைச் சுமந்தது. முதல் வாய்ப்பில் கீழே வைத்தது. கீழே வைத்தது எங்கே போகும் என்பதைத் தண்ணீர் தீர்மானிப்பதில்லை. பயிருக்குப் போகும் கால்வாயா, மூட்டையா, மீன் வாழும் ஏரியா என்பது நம் கையில் இருக்கிறது. ஏரி வாரியம் அமைத்த காலத்தில் கரையையும் மதகையும் காத்தால் போதுமாக இருந்தது. இன்றைக்குத் தண்ணீரின் கையில் என்ன கொடுக்கிறோம் என்பதற்கும் கணக்கு வைத்தாக வேண்டும்.

ஒன்பது பத்து நாட்கள்தான் ஆவி காற்றில் நிற்கும். பெரும்பாலும் எங்கோ தொலைவில் போய் இறங்கும். ஆனால் கார்த்திகை மேகம் கடலிலிருந்து வந்து ஒரகடத்துக் கோபுரங்களின் ஆவியையும் சேர்த்துக்கொண்டு தாழும்போது, அதில் கொஞ்சம் இங்கேயே விழத்தான் செய்யும். சேரப்பணஞ்சேரி ஏரியின் மேல் வெறுங்கையோடு ஒரு துளி இறங்குகிறது. கரையோரக் களிமண்ணில் பட்டதும் ஒரு கால்சியம் அயனியைப் பிடித்துக்கொள்கிறது.